வட்டம் முதல் சுருள் வரை: வளைந்த வடிவங்களின் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடிவியலில் சூத்திரம் தெரியாமல் தடுமாறுகிறவர்களைவிட, பெயர் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் தடுமாறுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். வளைந்த வடிவங்களில் இது இன்னும் மோசம். ஒரு பெயரைக் கேட்டதும் "இது கோடா, பரப்பா, கனமா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். கீழே வரும் பதில்களில் பல இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வரும்.

வட்டம் என்பது கோடா, அதற்கு உள்ளே இருக்கும் இடமா?

கண்டிப்பாகச் சொன்னால் கோடுதான். ஒரு தளத்தில், மையம் என்ற புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தது வட்டம். அப்படிப் பார்த்தால் வட்டத்தின் மையம் வட்டத்தின் மேல் இல்லை! வளையல் வட்டத்துக்கு உதாரணம், நாணயம் அல்ல. நாணயம் போல உள்ளே நிரம்பியிருப்பதை வட்டத்தகடு என்பார்கள்.

"வட்டத்தின் பரப்பளவு" என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அது தப்பா? தப்பில்லை. வட்டம் அடைத்திருக்கும் இடத்தின் பரப்பு என்பதைச் சுருக்கிச் சொல்கிறோம், அவ்வளவுதான். அந்தப் பரப்பைக் காண, பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கச் சொல்கிறது கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல். இது ஏன் சரி என்று பார்க்க ஒரு காகித வட்டத்தை மையம் வழியாகப் பதினாறு துண்டுகளாக வெட்டி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் வரும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு, அகலம் ஆரம். துண்டுகளை இன்னும் பொடிப்பொடியாக வெட்டினால் அலை அலையான ஓரமும் நேராகிக்கொண்டே போகும்.

பரிதி, சுற்றளவு இரண்டும் ஒன்றா?

பரிதி என்பது வட்டத்தின் விளிம்பு. சுற்றளவு அந்த விளிம்பின் நீளம். நடைமுறையில் "பரிதி 44 செ.மீ." என்றும் எழுதுகிறார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் சதுரத்துக்கும் முக்கோணத்துக்கும் சுற்றளவு உண்டு, பரிதி கிடையாது.

ஆரம், விட்டம் என்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன?

சக்கரத்தின் குடத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கம்பிக்கு ஆரக்கால் என்று பெயர். மையத்திலிருந்து பரிதிக்குப் போகும் கோடு ஆரம் ஆனது அந்த உறவில்தான். விட்டம் என்றால் வீட்டில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் குறுக்கே கிடக்கும் உத்தரம். வேலை இல்லாமல் படுத்துக் கிடப்பவன் பார்த்துக்கொண்டிருப்பானே, அதே விட்டம். வட்டத்தில் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, மையம் வழியாகக் கிடக்கும் கோட்டுக்கும் அதே பெயர் பொருந்திவிட்டது. பேச்சில் குறுக்களவு என்பதும் இதுவே.

ஒரு சின்ன உத்தி. மையம் தெரியாத வட்டத்தகடு கையில் இருக்கிறது, விட்டம் வேண்டும். தச்சரின் மூலைமட்டத்தை எடுத்து, அதன் முனை பரிதியில் படும்படி வையுங்கள். அதன் இரண்டு கைகளும் பரிதியை எங்கே வெட்டுகின்றனவோ அந்த இரு புள்ளிகளைச் சேர்த்தால் அது விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தைத் திருப்பிப் போட்ட வேலை இது. இதையே வேறொரு இடத்தில் இன்னொரு தடவை செய்யுங்கள். இரண்டு விட்டங்களும் வெட்டும் இடம் மையம்.

நாண், வில் என்று ஏன் போர்க்களச் சொற்கள்?

வரைந்து பார்த்தாலே தெரியும். பரிதியின் ஒரு பகுதி வளைந்த வில் போல இருக்கிறது; அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு கட்டிய நாண் போல இருக்கிறது. நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்கு ஒரு கோடு போட்டால் அது அம்பு. இந்த உயரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் சாஜிட்டா. அதற்கும் அம்பு என்றுதான் பொருள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை, பாதி நாணோடு தொடர்புள்ள முக்கோணவியல் அளவான சைன் என்ற சொல்லினுடையது. சமஸ்கிருதத்தில் நாணுக்கு ஜ்யா, ஜீவா என்று பெயர். இந்தியக் கணிதம் அரபுக்குப் போனபோது அது ஜிபா ஆனது. அரபு எழுத்தில் உயிர்க்குறி போடாமல் எழுதுவதால், பின்னால் வந்தவர்கள் அதை ஜைப் என்று படித்தார்கள். ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு, மார்புப் பகுதி. லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அந்தப் பொருளுக்கு ஏற்ப சைனஸ் என்று போட்டார்கள். நாண் என்ற சொல் தவறிப்போய் மடிப்பாகி, சைன் ஆகி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

அம்பின் உயரத்தால் பயனும் உண்டு. உடைந்த தட்டின் ஒரு சில்லு மட்டும் கிடைத்திருக்கிறது, முழுத்தட்டு எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். சில்லின் வளைந்த ஓரத்தில் ஒரு நாண் போட்டு அளக்கிறோம்: 24 செ.மீ. நாணின் நடுவிலிருந்து ஓரம் வரை 4 செ.மீ. இப்போது பாதி நாணின் வர்க்கத்தை, அதாவது 144ஐ, அம்பின் உயரமான 4ஆல் வகுத்தால் 36. அதோடு 4ஐக் கூட்டினால் 40. அதுதான் விட்டம், ஆரம் 20 செ.மீ. சரிபார்க்க பிதாகரஸ் போதும்: மையத்திலிருந்து நாண் 16 செ.மீ. தள்ளி இருக்கும், 16இன் வர்க்கமும் 12இன் வர்க்கமும் சேர்ந்து 400, அது 20இன் வர்க்கம்.

வட்டக்கோணப்பகுதி, வட்டத்துண்டு: எது எது?

தேர்வில் அதிகம் பேர் மாற்றி எழுதும் ஜோடி இதுதான். இரண்டு ஆரங்களுக்கும் ஒரு வில்லுக்கும் நடுவில் இருப்பது வட்டக்கோணப்பகுதி. விரித்த விசிறி போல இருக்கும், கூர்முனை மையத்தில் இருக்கும். ஒரு நாணுக்கும் ஒரு வில்லுக்கும் நடுவில் இருப்பது வட்டத்துண்டு. இதில் மையத்துக்குப் போகும் ஆரமே கிடையாது. பெயரிலேயே "கோணம்" இருக்கிறது பாருங்கள்; மையத்தில் கோணம் இருந்தால் அது கோணப்பகுதி.

ஆரம் 10 செ.மீ., மையக்கோணம் 90 பாகை என்று வைத்துக்கொள்வோம். கோணப்பகுதி முழு வட்டத்தில் கால் பங்கு: 78.54 ச.செ.மீ. அதற்குள் இருக்கும் செங்கோண முக்கோணம் 50 ச.செ.மீ. முக்கோணத்தைக் கழித்தால் மிஞ்சும் 28.54தான் வட்டத்துண்டு. வட்டத்துண்டுக்கென்று தனிச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். கழித்தல் தெரிந்தால் போதும்.

தொடுகோடு வளைவை ஒரே புள்ளியில்தான் தொடுமா?

வட்டத்துக்கு ஆம். தொடும் புள்ளியில் அது ஆரத்துக்குச் செங்குத்தாகவும் இருக்கும். ஆனால் எல்லா வளைவுக்கும் இதையே இலக்கணமாக வைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். நெளிந்து நெளிந்து போகும் வளைவில், ஓரிடத்தில் தொடும் கோடு வேறிடத்தில் போய் வளைவை வெட்டலாம். தொடும் இடத்திலேயே வளைவைக் கடந்து மறுபக்கம் போவதும் உண்டு. எண்ணின் கனத்தை வரைபடமாகப் போட்டால் ஆதிப்புள்ளியில் அப்படித்தான் நடக்கிறது. தொடுகோடு என்றால் அந்தப் புள்ளியில் வளைவு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் போகும் கோடு. வளைவை இரண்டு இடத்தில் வெட்டும் கோடான வெட்டுக்கோட்டின் இரண்டு வெட்டுப்புள்ளிகளையும் நெருக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் கிடைப்பது அது.

பை என்பது 22/7தானே?

இல்லை! பை என்பது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண். 22/7 என்பது 3.142857...; பை 3.14159265... ஆகவே 22/7 கொஞ்சம் கூடுதல். 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களை வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வைத்து, பை 223/71க்கும் 22/7க்கும் இடையில் இருக்கிறது என்று காட்டினார் ஆர்க்கிமிடீஸ். அவருக்கே அது எல்லைதான், மதிப்பு இல்லை. ஆரியபட்டர் 62832ஐ 20000ஆல் வகுக்கச் சொன்னார், அதாவது 3.1416; கூடவே "நெருங்கிய மதிப்பு" என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார். எந்தப் பின்னமாகவும் பையை எழுத முடியாது என்று 1761இல் கணித அறிஞர் லாம்பர்ட் நிறுவினார்.

நீள்வட்டமும் முட்டை வடிவமும் ஒன்றா?

அல்ல. முட்டைக்கு ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கல். நீள்வட்டத்தின் இரண்டு முனைகளும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். ஓட்டப்பந்தயத் தடமும் நீள்வட்டம் இல்லை. 400 மீட்டர் தடத்தின் வழக்கமான அமைப்பில் 84.39 மீட்டர் நீளமுள்ள இரண்டு நேர்ப்பகுதிகளும், 36.5 மீட்டர் ஆரமுள்ள இரண்டு அரைவட்டங்களும்தான் இருக்கின்றன. நீள்வட்டத்தில் நேர்ப்பகுதி என்பதே கிடையாது.

அப்படியானால் நீள்வட்டம் எது? பலகையில் 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஊசிகளைக் குத்துங்கள். 10 செ.மீ. நூலின் இரு முனைகளையும் அவற்றில் கட்டுங்கள். பென்சில் முனையால் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி சுற்றி வாருங்கள். வரும் வளைவு நீள்வட்டம். ஊசி இரண்டும் குவியங்கள். எந்தப் புள்ளியில் நின்றாலும் இரண்டு குவியங்களுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் நூலின் நீளமான 10தான் வரும். அளந்து பாருங்கள்: நீள வாக்கில் உள்ள குறுக்களவான நெட்டச்சு 10 செ.மீ., அகல வாக்கில் உள்ள குற்றச்சு 6 செ.மீ. ஊசிகளை நெருக்கினால் வடிவம் வட்டத்தை நோக்கிப் போகும், விலக்கினால் மெலிந்து போகும்.

நூல் இல்லாவிட்டால் ஒரு உருளை வடிவ டம்ளரில் தண்ணீரை ஊற்றிச் சாயுங்கள். நீர்ப்பரப்பு டம்ளரின் அடியைத் தொடாத வரை அதன் விளிம்பு சரியான நீள்வட்டம்.

நீள்வட்டத்தின் சுற்றளவுக்குச் சூத்திரம் ஏன் பாடத்தில் இல்லை?

எளிய சூத்திரம் கிடையாது என்பதால். பரப்புக்கு உண்டு: பை × பாதி நெட்டச்சு × பாதி குற்றச்சு. சுற்றளவு மட்டும் பிடிகொடுக்காது. நல்ல தோராயங்களில் ஒன்று ராமானுஜன் 1914இல் கொடுத்தது. நமது ஊசி நூல் நீள்வட்டத்தில் பாதி அச்சுகள் 5, 3. கூட்டி மூன்றால் பெருக்கினால் 24. அடுத்து, 5இன் மூன்று மடங்கோடு 3 சேர்ந்து 18. 5உடன் 3இன் மூன்று மடங்கு சேர்ந்து 14. 18ஐயும் 14ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 15.875. 24இலிருந்து அதைக் கழித்துப் பையால் பெருக்கினால் 25.53 செ.மீ. உண்மையான நீளத்தோடு இரண்டு தசம இடங்களுக்கு இது ஒத்துப்போகிறது.

மையத்தொலைத் தகவு என்ற பெயரே பயமுறுத்துகிறதே?

பெயர்தான் நீளம், விஷயம் சின்னது. குவியம் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பாதி நெட்டச்சால் வகுத்தால் அதுதான். நமது படத்தில் 4ஐ 5ஆல் வகுத்து 0.8. வட்டத்துக்கு 0, நீள்வட்டத்துக்கு 0க்கும் 1க்கும் இடையில், பரவளையத்துக்குச் சரியாக 1, அதிபரவளையத்துக்கு 1க்கு மேல் (இந்த இரண்டும் எவை என்பது அடுத்த கேள்வியில்).

பூமியின் பாதைக்கு இது சுமார் 0.0167. பாடப்புத்தகப் படங்களில் அந்தப் பாதையை வெள்ளரிக்காய் மாதிரி வரைந்து வைத்திருப்பார்கள்; அதைப் பார்த்துத்தான் கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்ற தவறான எண்ணமே பலருக்கு வருகிறது. உண்மையில் அந்தப் பாதையை 1 மீட்டர் நெட்டச்சோடு வரைந்தால் குற்றச்சு வெறும் 0.14 மில்லிமீட்டர்தான் குறையும். பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அது மறைந்துவிடும். ஆனால் சூரியன் இருப்பது குவியத்தில், எனவே மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், அது கண்ணுக்குத் தெரியும். வடிவம் வட்டம் போல, இருக்கும் இடம் மட்டும் நடு இல்லை.

பரவளையம், அதிபரவளையம் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

இருட்டறையில் ஒரு டார்ச் போதும். அதிலிருந்து வரும் ஒளி ஒரு கூம்பு. சுவர் அந்தக் கூம்பை வெட்டும் கத்தி. நேராகப் பிடித்தால் வட்டம். கொஞ்சம் சாய்த்தால் நீள்வட்டம். சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒளியின் ஒரு ஓரம் சுவருக்கு இணையாகிவிடும். அப்போது வளைவு மூடாமல் திறந்துகொள்ளும். அந்த ஒரே நிலையில் வருவது பரவளையம். அதையும் தாண்டிச் சாய்த்தால் அதிபரவளையம். நான்குக்கும் கூம்பு வெட்டுகள் என்று பொதுப்பெயர் வந்தது இதனால்தான்.

அதிபரவளையத்துக்கு இரண்டு கிளைகள் உண்டு. மேலும் கீழும் திறந்த உருளை வடிவ மூடி போட்ட விளக்கைச் சுவரோரம் வைத்தால், சுவரில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கிளைகளும் தெரியும். கிளைகளின் கைகள் போகப் போக இரண்டு நேர்கோடுகளை நெருங்கும், ஆனால் தொடாது, அவை தொலைத்தொடுகோடுகள். பரவளையத்துக்கு அப்படிக் கோடுகள் இல்லை. அதன் இலக்கணம் வேறு: குவியத்திலிருந்தும், இயக்குவரை என்ற நேர்கோட்டிலிருந்தும் சமதூரத்தில் இருக்கும் புள்ளிகள். அச்சுக்கு இணையாக வரும் கதிர்களைக் குவியத்தில் சேர்ப்பது அதன் சிறப்பு. டிஷ் ஆன்டெனா அந்த வடிவத்தில் இருப்பது அதற்காகத்தான்.

இரண்டு முனையில் கட்டித் தொங்கவிட்ட சங்கிலி பரவளையமா?

பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கலிலியோவே 1638இல் வெளிவந்த நூலில் அது ஏறத்தாழ பரவளையம் என்று எழுதினார். அது சங்கிலியம் என்ற தனி வளைவு. 1691இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் அதன் சரியான வடிவத்தைக் கண்டார்கள். தொங்குபாலத்தின் வடம் மட்டும் வேறு கதை: கீழே இருக்கும் சாலையின் எடை கிடைமட்டத்தில் சீராகப் பரவி இழுப்பதால் அது பரவளையத்துக்கு மிக அருகில் வந்துவிடும்.

கோளம், உருண்டை, பந்து?

வட்டத்துக்குச் சொன்ன அதே பிரிவுதான் இங்கேயும். கணிதத்தில் கோளம் என்பது மேல்பரப்பு மட்டும். உள்ளே நிரம்பியதைத் திண்மக்கோளம் என்கிறோம். உருண்டை பேச்சுச்சொல், எதையும் குறிக்கும். கோளத்தைச் சுற்றிக் கச்சிதமாகப் பொருந்தும் உருளை ஒன்றை வைத்தால், கோளத்தின் கன அளவும் புறப்பரப்பும் உருளையினுடையதில் (மேல், கீழ் முகங்களையும் சேர்த்து) சரியாக மூன்றில் இரண்டு பங்கு. ஆர்க்கிமிடீஸ் தன் கல்லறையில் இந்தப் படத்தைப் போடச் சொன்னாராம்; அதை அடையாளம் வைத்துத்தான் பின்னாளில் ரோமானியப் பேச்சாளர் சிசரோ அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தார்.

வளைபரப்பு, மொத்தப் புறப்பரப்பு என்று பிரிப்பது எதற்கு?

வளைபரப்பில் தட்டையான முகங்கள் சேராது. திண்ம அரைக்கோளத்தின் வளைபரப்பு 2 × பை × ஆரத்தின் வர்க்கம். வெட்டுமுகமான வட்டத்தகட்டையும் சேர்த்தால் 2 என்பது 3 ஆகும். கணக்கில் கிண்ணம் என்று வந்தால் அங்கே மூடி கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

கூம்பின் உயரம் ஒன்று, சாயுயரம் இன்னொன்றா?

ஆம். உயரம் உச்சியிலிருந்து அடிமையத்துக்கு உள்ளே நேராக இறங்குவது. சாயுயரம் மேல்பரப்பில் ஓர் எறும்பு உச்சிக்கு ஏறும் தூரம். 10 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டக் காகிதத்தைச் சுருட்டிக் கூம்பு செய்யுங்கள். காகிதத்தின் ஆரம் சாயுயரமாகிவிடும், 10. காகிதத்தின் வளைந்த ஓரம் அடிப்பரிதி ஆகும். எனவே அடியின் ஆரம் 5. உயரம் 8.66. காகிதத்தின் பரப்புதான் கூம்பின் வளைபரப்பு. கூம்பின் உச்சியை அடிக்கு இணையாகச் சீவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது இடைக்கண்டம், வாளியின் வடிவம்.

வட்ட வளையம், உருள்வளையம்?

ஒரே மையம் கொண்ட இரண்டு வட்டங்களுக்கு இடைப்பட்ட தட்டையான பரப்பு வட்ட வளையம். நட்டுக்கு அடியில் போடும் வாஷர் போல. டியூப் போல உருண்டு திரண்டிருப்பது உருள்வளையம். வட்ட வளையத்தில் ஒரு வேடிக்கை உண்டு: உள்வட்டத்தைத் தொட்டபடி வெளிவட்டத்தில் ஒரு நாண் போட்டு, அந்த ஒரு நீளத்தை மட்டும் அளந்தால் போதும், பரப்பு வந்துவிடும். நாண் 8 என்றால் பரப்பு 16 × பை. ஆரங்கள் 5, 3 ஆனாலும் சரி, வேறு என்னவானாலும் சரி.

சுருள் படிக்கட்டு சுருள்தானா?

கணிதப்படி இரண்டு வேறு வளைவுகளை நாம் ஒரே சொல்லால் அழைக்கிறோம். கொசுவத்தி தட்டையான சுருள். சுற்றச் சுற்ற மையத்திலிருந்து விலகும். திருகாணியின் புரி மையஅச்சிலிருந்து விலகாது, ஒரே தூரத்தில் ஏறிக்கொண்டே போகும். அது திருகுச் சுருள். படிக்கட்டு இரண்டாவது வகை.

இலங்கைப் பாடநூலில் சொற்கள் வேறாக இருக்கின்றனவே?

ஆம். அங்கே ஆரம் ஆரை, வட்டக்கோணப்பகுதி ஆரைச்சிறை, தொடுகோடு தொடலி. சிறை என்றால் சிறகு. விரித்த சிறகு போன்ற அந்த வடிவத்துக்கு இதைவிட அழகான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

நேர்கோட்டையும் வளைவு என்று சொல்லலாமா?

கணிதத்தில் சொல்லலாம். எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு, வளைமை. வட்டத்துக்கு அது 1ஐ ஆரத்தால் வகுத்த மதிப்பு; சின்ன வட்டம் அதிகம் வளைந்தது, பெரிய வட்டம் குறைவாக வளைந்தது. ஆரம் கூடக் கூட வளைமை பூஜ்யத்தை நெருங்கும். நேர்கோட்டின் வளைமை பூஜ்யம். அதுவும் பட்டியலில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது.